தாச்சியில் வறுத்த கோப்பியும் தவளப் பாதையும்

நம்மிடம் படித்த பிள்ளையொருவர் கட்டாரில் இருந்து லீவில் வந்திருக்கிறார். பெட்டியோடு ஓர் எஸ்பிரெசோ மெசினும் வந்திருக்கிறது. “சேர், நல்ல கோப்பிக்கொட்டை எங்க எடுக்கலாம்?” என்று கேட்டார். நாம் சிரித்துவிட்டோம். கம்பளையில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? அவர் வீட்டுக் கிணற்றடியில், பலாமரத்துக்குக் கீழே மூன்று கோப்பி மரங்கள் நிற்கின்றன. பழத்தை அணில் தின்கிறது. அடுத்த மாதம் அந்த இடத்தில் கராஜ் கட்டப்போகிறார்கள், மரங்களை வெட்டப்போகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கொட்டை வீட்டிலேயே இருந்தது. அவருடைய உம்மும்மா போன வருடத்துப் பழத்தைக் காயவைத்து, உரலில் குற்றி, சுளகில் புடைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் ஒரு வருடம் கிடக்கும். வறுத்த கொட்டைதான் சில வாரங்களில் மணம் இழக்கும். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

விறகடுப்பில் தாச்சியை வைத்தார்கள். கை ஓயாமல் கிளற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். முதலில் கொட்டை மஞ்சளாகி வைக்கோல் மணம் வந்தது. பிறகு பாண் சுடும் மணம். 200 பாகை செல்சியசை நெருங்கும்போது உள்ளே இருக்கும் நீராவி கொட்டையை வெடிக்க வைக்கும், சோளம் பொரிவது போல. இன்றைய கடைக்காரர்கள் பலர் இந்த முதல் வெடிப்புக்குச் சற்றுப் பின்னர் இறக்கிவிடுவார்கள். உம்மும்மா இறக்கவில்லை. மெல்லிய இரண்டாவது வெடிப்பும் கேட்டு, கொட்டையில் எண்ணெய் மினுங்கிய பிறகே சுளகில் கொட்டி ஆற்றினார். வழக்கமாக அதோடு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிப்பார். அன்று மெசினுக்காகச் சேர்க்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

ஆறும்வரை பேச்சு வளர்ந்தது. இந்த மரம் இங்கே எப்படி வந்தது? ஓ.எல். படிக்கும் தங்கை, “வெள்ளைக்காரன் கொண்டு வந்தது” என்றாள். மாமா விடவில்லை. “அரபிகள் கொண்டு வந்தது. நம்மட ஆக்கள்!” என்றார்.

இரண்டு பதிலையும் நாம் முழுதாக ஏற்கவில்லை.

கோப்பி குடிக்கும் வழக்கம் யெமனில் 15ஆம் நூற்றாண்டில், இரவு திக்ருக்கு விழித்திருந்த ஸூபிகளிடம் வலுப்பட்டது உண்மை. 1511இல் மக்காவில் அதைத் தடைசெய்து பார்த்தார்கள், தடை நிலைக்கவில்லை. ஒல்லாந்தர் இங்கே பயிரிட முயலும் முன்பே செடி நம் நாட்டில் இருந்தது. சிங்களக் கிராமத்தவர் இலையைக் கறிக்கும் பூவை விகாரைக்கும் எடுத்தார்கள். அரபு வணிகர் கொண்டு வந்திருக்கலாம் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது வழிவழிச் செய்தி. “நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்று அடிக்கடி கேட்கப்படும் சமூகம் நாம். அந்தக் கேள்விக்கு வழிவழிச் செய்தியை மட்டும் நீட்டினால் முதல் குறுக்குக் கேள்வியிலேயே அது உடையும். நீட்டுவதற்கு அதைவிட உறுதியான ஒன்று நம்மிடம் இருக்கும்போது எதற்கு அது?

கண்டி இராச்சியத்தில் மடிகே என்றொரு போக்குவரத்துப் பிரிவு இருந்தது. அதில் பெருமளவு முஸ்லிம்களே கடமை செய்தார்கள். பொதிமாடுகளைத் தவளமாக ஓட்டி, கரையோரத்தில் இருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றினார்கள், பாக்கைக் கீழே இறக்கினார்கள். 1815இல் இராச்சியம் விழுந்தது, தவளம் நிற்கவில்லை.

1824இல் ஜோர்ஜ் பேர்ட் நம் ஊருக்குப் பக்கத்துச் சின்னபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அடுத்த வருடம் கண்ணொறுவையில் போட்டார், கோப்பிக்கு ஏற்றுமதி வரியையும் நீக்கினார். பாடப்புத்தகத்தில் கதை இங்கே இருந்து துரைமாரின் பின்னால் போய்விடுகிறது. ஆனால் வரிச்சலுகையை முதலில் பயன்படுத்தியவர்களில் கண்டிக் கிராமத்தவரும் இருந்தார்கள். வீட்டைச் சுற்றி, பலாவுக்கும் கமுகுக்கும் இடையில் கோப்பி நட்டார்கள். 1830களில் கப்பலேறிய கோப்பியில் பெரும் பங்கு இந்த வீட்டுத் தோட்டக் கோப்பிதான். அதை வீடு வீடாகப் போய், புடவைக்கும் உப்புக்கும் காசுக்கும் வாங்கிச் சேர்த்தவர்களில் நம் முன்னோர் முன்னணியில் நின்றார்கள். முழுக் கதையையும் சொல்வதானால், தோட்டத்தில் களவு போன கோப்பியையும் அவர்கள் வாங்கினார்கள் என்று துரைமார் குற்றஞ்சாட்டியதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் பொய் என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம்.

1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுடையதாகி, தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. பழம் பறிக்கத் தமிழ்நாட்டில் இருந்து மக்கள் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, நூறு மைலுக்கும் மேல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியிலேயே மடிந்தார்கள். நம் தவளப் பாதையைப் பெருமையாகச் சொல்லும்போது இந்தப் பாதையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மலையகத்துப் பிள்ளைகளும் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

1867இல் கொழும்பில் இருந்து கண்டிக்கு றெயில் வந்தது, கோப்பிக்காகத்தான். ஈராண்டில், 1869இல், மடுல்சீமைப் பக்கம் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் ஒன்று தெரிந்தது. பேராதனைத் தோட்டத்தில் இருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போய், ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் பெற்று வந்தது. துரைமார் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இரண்டு வருடம் ஆராய்ந்து, இது பூஞ்சணம், இதன் வித்து காற்றில் பரவுகிறது என்று காட்டினார். மலை முழுக்க ஒரே பயிரை நெருக்கி நட்டிருந்ததால் காற்றுக்குத் தடையே இருக்கவில்லை. வீட்டுத் தோட்டங்களையும் நோய் விடவில்லை. 1884இல் ஓரியன்டல் வங்கி விழுந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பி வாங்கி விற்றவர் எதற்கு மாறினார் என்று எந்தப் பாடமும் சொல்வதில்லை.

அதே 1884இல்தான் இத்தாலியின் டியூரின் நகரில் அஞ்செலோ மொரியொன்டோ நீராவிக் கோப்பி மெசினுக்குக் காப்புரிமை எடுத்தார். இங்கே கோப்பி சாகிறது, அங்கே எஸ்பிரெசோ பிறக்கிறது.

இப்போது பச்சைக் கொட்டைக்கு வருவோம். அந்தக் காலம் முழுக்க இலங்கையில் இருந்து போனது பச்சைக் கொட்டைதான். கொழும்புக் களஞ்சியங்களில் காயவைத்து, தோல் நீக்கி, பீப்பாயில் அடைத்து அனுப்பினார்கள். வறுத்த மணம் எல்லாம் லண்டனுக்கு. இங்கே வறுத்தவர்கள் குசினியில் நின்ற பெண்கள். அவர்களுடைய கைப்பக்குவத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதவில்லை.

மெசினுக்கு வருவோம். உரலில் இடித்த தூளை இட்டபோது எட்டு விநாடியில் ஓடி முடிந்தது, வெறும் தண்ணீர். எஸ்பிரெசோவுக்கு வெந்நீர் ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் 25 முதல் 30 விநாடி தூளுக்குள் நின்று வர வேண்டும். மெல்லிதாக அரைத்து, மூன்று நாள் கழித்து மீண்டும் போட்டோம். புதிதாக வறுத்த கொட்டையில் வாயு நிறைய இருக்கும், அது அடங்க வேண்டும். இந்த முறை சொட்டுச் சொட்டாக, தேன் நிறத்தில் தடித்த நுரையோடு இறங்கியது. மரத்தின் அகன்ற இலையைப் பார்த்தால், நோய்க்குப் பிறகு நாட்டில் பரவிய ரொபஸ்டா இனம் என்றே தெரிகிறது. நுரைக்குக் காரணமும் அதுதான். இத்தாலியர்களே அதற்காக ரொபஸ்டா கலப்பார்கள்.

உம்மும்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “மருந்து மாதிரி இருக்கு” என்று சீனி கேட்டார்.

கராஜ் விடயம் இன்னும் முடிவாகவில்லை. மரங்களுக்காக நாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தோம். மேசன் வியாழக்கிழமை அளக்க வருகிறாராம். உம்மும்மா ஒருவரிடமும் கேட்காமல் பன்னிரண்டு சொப்பிங் பேக்கில் மண் நிரப்பி விதை போட்டு வைத்திருக்கிறார். ஊரில் யாருக்கும் கன்று வேண்டுமென்றால் சொல்லுங்கள்.