போருக்குப் போய் திரும்பாத கொள்ளுத்தாத்தா... கல்லறையை மொபைலிலேயே தேடுவது எப்படி?

"பர்மா சண்டைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை." பல வீடுகளில் கொள்ளுத்தாத்தாவின் கதை இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். எங்கே இறந்தார், புதைத்தார்களா, எரித்தார்களா? யாருக்கும் தெரியாது. ஆனால், அவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தபோது இறந்தவர் என்றால், பெயர் பதிவேட்டில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பதிவேடு யாரிடம் இருக்கு?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திடம். 1917-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களை வைத்திருக்கிறது. இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பதும் இவர்கள்தான்.

யார் பெயர் இருக்கும்?

4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை படைப் பணியில் இறந்தவர்கள். குண்டடி பட்டுதான் இறந்திருக்கணும்னு இல்லை. நோயில் இறந்தவர்களும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்தவர்களையும், சயாம் - பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களையும் இதில் தேடிப் பயனில்லை.

எப்படித் தேடுவது?

* முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பெயர், அவருடைய அப்பா பெயர், சொந்த ஊர், எந்தப் படைப் பிரிவு என்று கேட்டு எழுதி வையுங்க. பழைய மெடல் இருந்தால் விளிம்பைப் பாருங்க. படை எண் பொறித்திருக்கலாம். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.
* பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக அடித்துப் பாருங்க. 'முருகேசன்' அங்கே 'முருகேசம்' என்றும் பதிவாகியிருக்கலாம்.
* ஊர்ப் பெயரும் அந்தக் காலத்து உச்சரிப்பில் இருக்கும். திருநெல்வேலிக்கு 'டின்னவேலி', திருச்சிக்கு 'டிரிச்சினோபோலி', தஞ்சாவூருக்கு 'டாஞ்சூர்'.

ஒரே பெயரில் பலர் வந்தால்?

அவசரப்பட்டு முடிவு செய்யாதீங்க. பதிவைத் திறந்து 'கூடுதல் தகவல்' பகுதியைப் பாருங்க. பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், எந்த ஊர், எந்த மாவட்டம் என்று இருக்கும். அப்பா பெயரும் ஊரும் பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள். மனைவி பெயர் இருந்தால், குடும்பத்தில் மறந்துபோன ஒரு பாட்டியின் பெயரும் கூடவே கிடைக்கும்.

கல்லறையே இல்லை என்றால்?

இந்து வீரர்கள் பலரின் உடல்கள் எரியூட்டப்பட்டன. உடல் கிடைக்காதவர்களும் ஏராளம். இவர்களின் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பர்மா போர்க்களத்தில் இறந்தவர் என்றால் மியான்மரின் ரங்கூன் நினைவுச் சின்னம், மலேயா பக்கம் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சி, முதல் உலகப் போரில் பிரான்ஸ் என்றால் நவ் ஷாப்பெல். பதிவில் 'பிளாட், வரிசை, கல்லறை எண்' என்று இருந்தால் அது கல்லறை. 'தூண்' அல்லது 'முகம்' எண் இருந்தால் அது நினைவுச் சின்னத்தில் பெயர் பொறித்த இடம்.

பதிவேடு எங்கேயும் போகாது. ஆனால் அப்பா பெயரும் ஊரும் தெரிந்த வீட்டுப் பெரியவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? இன்னைக்கே கேட்டுடுங்க.