சேல்ஸ்மேனை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

1915இல் அமெரிக்க உளவியல் பேராசிரியர் வால்டர் டில் ஸ்காட் ஒரு சோதனை நடத்தினார். விற்பனை வேலைக்கு விண்ணப்பித்த 36 பேரை, அனுபவம் மிக்க 6 மேலாளர்கள் தனித்தனியாக நேர்காணல் செய்தார்கள். பிறகு அவரவர் கணிப்பின்படி 36 பேரையும் தகுதி வரிசையில் எழுதித் தந்தார்கள். பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 28 பேர் விஷயத்தில் அந்த ஆள் வரிசையின் மேல் பாதியில் வருவாரா கீழ்ப் பாதியில் வருவாரா என்பதில்கூட மேலாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் 12 விற்பனை மேலாளர்களையும் 57 விண்ணப்பதாரர்களையும் வைத்து இதையே செய்து பார்த்தார். அங்கேயும் ஒருவர் முன்வரிசையில் வைத்த ஆளை இன்னொருவர் கடைசிக்குத் தள்ளியிருந்தார்.

பத்து நிமிடம் பேசினால் ஆளை எடைபோட்டுவிடலாம் என்ற நம்பிக்கை விற்பனைத் துறையில் எப்போதுமே ஆழமாக வேரோடியிருக்கிறது. வாடிக்கையாளரின் முகக்குறிப்பைப் படித்தே பிழைத்தவர்கள் வேலைக்கு வருகிறவரின் முகத்தையும் படித்துவிட முடியும் என்று நினைத்ததில் வியப்பில்லை. இன்று வங்கியிலோ மருந்து கம்பெனியிலோ விற்பனை வேலைக்குப் போகும் இளைஞரிடம், “பிடிவாதமான ஒரு வாடிக்கையாளரை நீங்கள் சமாளித்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்த பிறகு பிறந்த கேள்வி அது.

முகத்தை நம்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். கேத்தரின் பிளாக்ஃபோர்ட் என்பவர் 1914இல் இணைந்து எழுதி வெளியிட்ட ஆள்தேர்வு நூல் அமெரிக்க நிறுவனங்களில் பெரிதும் எடுபட்டது. பொன்னிற முடியும் வெளிர் நிறமும் உள்ளவர்கள் துடிப்பானவர்கள், மாற்றத்தை விரும்புகிறவர்கள், கருமுடிக்காரர்கள் பொறுமைசாலிகள். ஆகவே முன்னவரை விற்பனைக்கு அனுப்பு, பின்னவரை மேசை வேலையில் உட்கார வை. இதுதான் அவருடைய போதனையின் சாரம். 1922இல் டொனால்ட் பேட்டர்சனும் கேத்தரின் லட்கேட்டும் இதை ஆராய்ந்து, முடி நிறத்துக்கும் குணத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டினார்கள். அதற்குள் எத்தனை பேர் தலைமுடியின் நிறத்தால் வேலை இழந்திருப்பார்களோ! ‘நல்ல பர்சனாலிட்டி’ என்ற பெயரில் நிறத்தையும் உயரத்தையும் பார்க்கும் வழக்கம் நம் ஊரிலும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

வேறொரு வழியைத் தேடியவர்கள் ஆயுள் காப்பீட்டுக்காரர்கள். ஏஜென்ட்டாகச் சேர்கிறவர்கள் சில மாதங்களில் ஓடிவிடுவது அவர்களுக்குத் தீராத தலைவலி. 1894இலேயே தாமஸ் பீட்டர்ஸ் என்ற காப்பீட்டு அதிகாரி, ஏஜென்ட் வேலைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று சிகாகோவில் யோசனை சொன்னார். கடந்த பத்தாண்டில் எங்கெங்கே குடியிருந்தீர்கள், என்ன தொழில் செய்தீர்கள், திருமணம் ஆகிவிட்டதா, சொந்த வீடு நிலம் உண்டா, இதற்குமுன் எந்தக் கம்பெனிக்குப் பாலிசி விற்றீர்கள் என்று அந்தப் பட்டியல் போகும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த அளவுகோல் ஒருவருடைய குடும்ப நிலையையும் சொத்தையும் அளந்ததே தவிர, கடினமான ஒரு நாளில் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைத் தொடவில்லை. வீடு இல்லாதவர் விற்கத் தெரியாதவர் ஆகிவிடுவாரா?

1916இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் விற்பனைத் துறைக்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கியது. ஏறத்தாழ 30 நிறுவனங்கள் ஆண்டுக்கு 500 டாலர் வீதம் தந்து அதைத் தாங்கின. ஸ்காட்தான் இயக்குநர். முன்வரலாற்றுப் படிவம், பழைய முதலாளிக்கு அனுப்ப வேண்டிய மாதிரிக் கடிதம், நேர்காணல் செய்பவருக்கு மதிப்பெண் தாள், சில தேர்வுகள் ஆகியவற்றை அந்த ஆய்வகம் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஸ்காட்டின் மதிப்பெண் முறை ராணுவத்துக்குப் போனது. மதிப்பிடுகிற அதிகாரி, தமக்குத் தெரிந்த அதிகாரிகளில் மிகச் சிறந்தவர், நல்லவர், நடுத்தரம், சுமார், மிக மோசம் என்று ஐந்து பேரின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். எதிரே இருக்கிறவர் அந்த ஐவரில் யாருக்குச் சமம் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். ‘தலைமைப் பண்பு நன்று’ என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தப்பிக்க முடியாமல், தெரிந்த மனிதர்களோடு ஒப்பிடக் கட்டாயப்படுத்தியது இந்த முறை.

இருந்தும் விற்பனைத் துறையின் நோய் தீரவில்லை. 1938இல் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் ஏஜென்ட்டுகளுக்கென ஒரு தகுதிக் குறியீட்டை உருவாக்கியது. 1964இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் டேவிட் மேயரும் ஹெர்பர்ட் கிரீன்பெர்க்கும் எழுதிய கட்டுரை, 35 ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் காப்பீட்டுத் துறையில் முதல் ஆண்டிலேயே பாதிப் பேரும் மூன்று ஆண்டுக்குள் 80 சதவீதத்தினரும் விலகிவிடுவதாகச் சொன்னது. தீர்வாக அவர்கள் முன்வைத்தவை இரண்டு: வாடிக்கையாளரின் மனத்தை உணரும் பரிவு, எப்படியும் விற்றே தீர வேண்டும் என்ற உள்ளார்ந்த வேகம்.

திருப்பம் வந்தது விற்பனைக்கு வெளியிலிருந்து. ஹார்வர்ட் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டின் பெயர் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1964இல் காக்கிநாடா தொழில்முனைவோருக்கு ஐதராபாத் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் நடந்த சாதனை ஊக்கப் பயிற்சி அவருடைய சோதனைதான். 1973இல் அவர் எழுதிய கட்டுரை, அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணை விட்டுவிட்டு வேலையில் காட்டும் திறனை அளக்க வேண்டும் என்று வாதாடியது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தகவல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க உதவி கேட்டபோது அவருடைய குழு இந்தக் கொள்கையைச் செயலில் காட்டியது. மிகச் சிறப்பாகப் பணியாற்றிய அதிகாரிகளையும் சராசரி அதிகாரிகளையும் தனித்தனியாக உட்கார வைத்து, தாங்கள் நன்றாகச் செய்த மூன்று சந்தர்ப்பங்களையும் சொதப்பிய மூன்று சந்தர்ப்பங்களையும் சிறுகதைபோல விரிவாகச் சொல்லச் சொன்னார்கள். யார் என்ன சொன்னார், அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்று தோண்டினார்கள். பொது அறிவுத் தேர்வு பிடிக்காத வேறுபாடுகள் அந்தக் கதைகளில் பிடிபட்டன. பணிக்குப் போன ஊரில் செல்வாக்கு யார் கையில் இருக்கிறது என்பதைச் சீக்கிரம் புரிந்துகொள்வது அவற்றில் ஒன்று.

இதே காலத்தில் பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த டிடிஐ என்ற ஆலோசனை நிறுவனம் சூழல், பணி, செயல், விளைவு என்று பதிலை அடுக்கும் ஸ்டார் முறையைப் பரப்பியது. 1982இல் டாம் ஜான்ஸ் என்ற ஆய்வாளர், கடந்தகால நடத்தையைக் கேட்கும் நேர்காணல் சாதாரண நேர்காணலைவிடச் சரியாகக் கணிக்கிறது என்று காட்டினார். லோரியால் நிறுவனத்தில் இப்படித் தேர்வான விற்பனையாளர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 91,370 டாலர் அதிகம் விற்றதாக மெக்லெலண்டின் குழுவினர் கணக்குக் காட்டினார்கள். முறையைப் பரப்பியவர்களே போட்ட கணக்கு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொது ஆய்வுகளே போதிய வலுவோடு இருக்கின்றன. உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் 2022இல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டபோது, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே தாளில் மதிப்பெண் போடும் நேர்காணலே தேர்வு முறைகளில் முதலிடம் பெற்றது. வேலைத்திறனோடு அதன் தொடர்பு 0.42. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19 மட்டுமே.

நம் இளைஞர்களுக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. சரளமான ஆங்கிலமும் மிடுக்கான தோற்றமும் இல்லாதவரிடமும் நடந்த கதை இருக்கும். தீபாவளி சீசனில் ஜவுளிக் கடையில் நின்ற அனுபவமும், கல்லூரி விழாவுக்குக் கடை கடையாக ஏறி விளம்பரம் பிடித்ததும் இந்த நேர்காணலில் செல்லுபடியாகும். ஆனால் அந்தக் கதையை முன்கூட்டியே தோண்டி எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் ஒரு விற்பனைப் பிரதிநிதியை எடுத்துக்கொள்வோம். “எல்லோருடனும் நன்றாகப் பழகுவேன், கடுமையாக உழைப்பேன்” என்றால் மதிப்பெண் தாளில் எழுத எதுவும் கிடைக்காது. “என் லைனில் ஒரு கடைக்காரர் மூன்று மாதமாக ஆர்டரே தரவில்லை. காலாவதியான சரக்கைத் திரும்ப எடுக்கவில்லை என்று கோபம். முதல் நாள் நான் ஆர்டர் கேட்கவில்லை. பழைய பில்லை மட்டும் வாங்கிக்கொண்டேன். டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசி கிரெடிட் நோட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் இரண்டு பெட்டி எடுத்தார்” என்றால் எழுத நிறைய இருக்கிறது. கேள்விகள் அத்தோடு நிற்காது. டிஸ்ட்ரிபியூட்டர் உடனே ஒப்புக்கொண்டாரா, மறுத்தபோது என்ன சொன்னீர்கள், அந்தக் கடை இப்போது மாதம் எவ்வளவு எடுக்கிறது என்று வரும். அடக்கம் கருதி “நாங்க பேசி முடிச்சோம்” என்று பன்மையில் சொல்கிறவர்களை, அதில் நீங்கள் செய்தது என்ன என்று நிறுத்திக் கேட்பார்கள். மனப்பாடம் செய்த கதை இந்தத் துணைக் கேள்விகளில் சிக்கிக்கொள்ளும். பழைய ஆர்டர் புத்தகத்தையும் டார்கெட் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தேதியும் தொகையும் தானாக நாவில் வரும்.

மெக்லெலண்ட் குழு வெற்றியோடு தோல்வியையும் கேட்டதால், இன்றும் அந்தக் கேள்வி தப்பாமல் வருகிறது. கையை விட்டுப்போன ஒரு பெரிய ஆர்டர், எட்ட முடியாத ஒரு மாத டார்கெட், கடன் கொடுத்து வசூலாகாத ஒரு கடை: இவற்றில் ஒன்றை, பழியை யார்மீதும் போடாமல், அதற்குப் பிறகு தன் வேலை முறையில் எதை மாற்றிக்கொண்டார் என்பது வரை ஒருவர் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.