மூன்று சிலிண்டர், 796 சி.சி.

தில்லி லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று அங்கே இருப்பதால் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய இடம். அந்த வீடுகள் கட்டப்பட்டபோது குமாஸ்தா ஒருவர் கார் வாங்குவார் என்று யாரும் எண்ணவில்லை. சைக்கிளுக்கும், பின்னாளில் ஸ்கூட்டருக்கும் வாசலில் இடமிருந்தால் போதும் என்ற கணக்கு. எண்பதுகளில் அந்தக் கணக்கு தப்பியது. கார் அட்வான்ஸுக்கு மனுப்போட்ட அரசு ஊழியர்களின் வாசல்களில் சின்னஞ்சிறு வண்டிகள் வந்து நின்றன. அந்த மாற்றத்துக்குக் காரணமானது ஒரு என்ஜின். மூன்று சிலிண்டர், 796 சி.சி., சுசுகி வைத்த பெயர் எஃப்8பி.

முதல் மாருதி 800 போய்ச் சேர்ந்த இடமும் அருகில்தான். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி சாவியைக் கொடுக்க, அதைப் பெற்றுக்கொண்ட ஹர்பால் சிங் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். வீடு கிரீன் பார்க்கில். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு முதல் வண்டி கிடைத்தது எனக்கு இன்றும் நிறைவு தரும் செய்தி. கார் என்றால் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, அல்லது சென்னை பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு என்றிருந்த காலம் அது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மாருதி என்ற பெயருக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. சஞ்சய் காந்தி எழுபதுகளில் தொடங்கிய மாருதி லிமிடெட் மக்களுக்கு ஒரு காரைக்கூடத் தர முடியாமல் மூடப்பட்டது. உள்நாட்டிலேயே எல்லாவற்றையும் வடிவமைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே தோற்றது. 1980 ஜூனில் அவர் விமான விபத்தில் இறந்தார். பிறகு அரசு அந்தச் சொத்துக்களை எடுத்துக்கொண்டு, 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் நிறுவனத்தைப் பதிவு செய்தது. அதை நடத்த வந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. பழைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்து, சென்னை மாகாண மின்வாரியத்தில் வேலையைத் தொடங்கி, திருச்சி பெல் ஆலையில் பணியாற்றி, பிறகு பெல் நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தவர்.

கூட்டாளி தேடி அவரும் அவருடைய குழுவினரும் உலகைச் சுற்றினார்கள். ஆர்.சி. பார்கவா அந்தக் குழுவில் முக்கியமானவர். ரெனோ 18 போன்ற பெரிய வண்டிகளும் முதலில் பேச்சில் இருந்தன. ஆனால் 1979-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வியாகிவிட்டது. பெரிய கார் என்ற யோசனையைக் கைவிட்டதுதான் அந்தக் குழுவினர் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது என்பேன். 1982 அக்டோபரில் சுசுகியோடு ஒப்பந்தம்; சுசுகியின் பங்கு 26 சதவீதம். 1983-இல் முன்பதிவு திறந்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். ஒப்பந்தமான பதினான்கு மாதங்களுக்குள் குர்காவ் ஆலையிலிருந்து வண்டி வந்துவிட்டது. வெளிநாட்டில் தேறிய என்ஜினை அப்படியே எடுத்துக்கொண்டு, உதிரிப் பாகங்களைப் படிப்படியாக இங்கே செய்யலாம் என்று முடிவெடுத்ததால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று.

அந்த என்ஜினின் வேர் ஜப்பானின் குட்டிக் கார்களில் இருக்கிறது. அங்கே வரிச்சலுகையுள்ள சிறு கார்களின் என்ஜின் அன்று 550 சி.சி.யைத் தாண்டக்கூடாது. சுசுகி அந்த வரம்புக்குள் 543 சி.சி.யில் மூன்று சிலிண்டர் என்ஜின் ஒன்றை வைத்திருந்தது. சிலிண்டரின் விட்டம் 62 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 60 மில்லிமீட்டர். வெளிநாடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. விட்டத்தை 68.5 ஆகவும் ஓட்டத்தை 72 ஆகவும் பெருக்கினால் சிலிண்டருக்கு 265 சி.சி., மூன்றும் சேர்ந்து 796. முதல் மாருதி 800-இன் ரகப் பெயரான எஸ்எஸ்80-இல் உள்ள 80 இந்த எண்ணூறைத்தான் குறிக்கிறது.

ஏறத்தாழ 37 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அற்பம். ஆனால் வண்டியின் எடையே 650 கிலோவை ஒட்டித்தான். தலைக்கு மேல் ஒரே கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பானெட்டுக்குள் குறுக்காகக் கிடத்திய அமைப்பு, முன்சக்கர இழுவை. இழுவிசை சுமார் 59 நியூட்டன் மீட்டர். அது நிமிடத்துக்கு 2500 சுற்றிலேயே கிடைத்துவிடும். நகர நெரிசலில் கியரை அடிக்கடி மாற்றாமல் ஓட்ட முடிந்ததற்கு இதுவே காரணம்.

மூன்று சிலிண்டர் என்பதற்கு ஒரு விலையும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் 240 டிகிரி சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு நிகழும். நான்கு சிலிண்டரில் அது 180 டிகிரி. அதனால் ஐடிலில் நிற்கும்போது வண்டி மெல்ல அதிரும். அது கோளாறல்ல, பிறவிக் குணம். அந்த அதிர்வைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தேய்ந்துவிட்டால்தான் ஸ்டீயரிங்கும் கியர் லீவரும் சேர்ந்து நடுங்கும். மவுண்டிங் மாற்ற வேண்டிய இடத்தில் என்ஜினைப் பிரித்துச் செலவு வைத்த பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அதே போல, ஒரு பிளக் செத்தாலும் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். நான்கு சிலிண்டர் வண்டி ஒரு பிளக் போன பிறகும் ஏதோ ஓடும். இதுவோ மேம்பாலம் ஏறத் திணறும். மிஸ்ஸிங் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்தக் குறைக்குப் பழைய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட், கண்டென்சர், பிறகு பிளக் வயர். கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு என்றால், பல சமயம் கலப்பட பெட்ரோல்தான் காரணம்.

இவற்றையெல்லாம்விட இந்த என்ஜினை அதிகம் கொன்றது சூடு. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. நடுவே இருக்கும் ஹெட் காஸ்கெட் அந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் அளவு சரியாக இருந்து, ரேடியேட்டர் விசிறி சரியான நேரத்தில் சுற்றும்வரை ஒரு தொல்லையும் இல்லை. விசிறியை இயக்கும் சுவிட்ச் பழுதானாலோ, ஹோஸ் வெடித்தாலோ சில நிமிடங்களில் ஹெட் வளைந்துவிடும். மே மாதத்துத் தில்லியில், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டிக்கு அந்தச் சில நிமிடங்கள் தாராளமாகக் கிடைக்கும். பிறகு புகைபோக்கியில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காப்பி நிறம். ஹெட்டைக் கழற்றி, மட்டம் பார்த்து, சீவி, புதுக் காஸ்கெட் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் நம் பழக்கங்களின் பங்கு பெரிது. கூலன்ட் ஊற்ற வேண்டிய ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். உப்புப் படிந்து உள்ளே அடைத்தது. சூடாகிறது என்று சொன்னால் சாலையோர மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார். சூடு குறைந்தது போலத் தோன்றும். உண்மையில் என்ஜின் தனக்குரிய வெப்பத்தை எட்டவே நெடுநேரம் ஆகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் தேய்மானமும் ஏறும். இந்த வைத்தியம் தவறு என்று அழுத்திச் சொல்கிறேன். இன்றும் பல பட்டறைகளில் இது நடக்கிறது.

டைமிங் பெல்ட் இன்னொன்று. ரப்பர் பெல்ட் என்பதால் அறுவதற்கு முன் சத்தம் கொடுத்து எச்சரிக்காது; அறுந்த இடத்தில் வண்டி நிற்கும். கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல்கள் கசிந்து பெல்ட்டை நனைத்தால் அதன் ஆயுள் இன்னும் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். எல்லாவற்றுக்கும் காஷ்மீரி கேட் சந்தையில் சாமான் கிடைத்தது என்பதும், சாதாரண ஸ்பேனர் செட்டோடு எந்த ஊர் மெக்கானிக்கும் இதைப் பிரித்துப் பூட்ட முடிந்தது என்பதும் அந்த என்ஜினின் நீண்ட ஆயுளுக்குக் காரணங்கள்.

கார்புரேட்டரின் காலத்தை முடித்தது தில்லியின் காற்று. 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயமில்லாத பெட்ரோலும் அதோடு வந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்துக்கு யூரோ விதிகளை முன்கூட்டியே கொண்டுவர உத்தரவிட்டது. அதன் பிறகு அதே 796 சி.சி.க்கு எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்தது. குளிர்காலக் காலைகளில் சோக் இழுத்து மன்றாடும் வேலை தீர்ந்தது. பாயிண்ட் தேய்மானமும் கார்புரேட்டர் அடைப்பும் போய், சென்சார் கோளாறுகள் வந்தன. 2000-இல் வந்த ஆல்டோவில் இந்த என்ஜினின் தம்பி, சிலிண்டருக்கு நான்கு வால்வோடு, அதே அளவிலிருந்து 47 குதிரைத்திறன் வரை கொடுத்தது.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. பாகிஸ்தானில் இதே என்ஜின் மெஹ்ரான் என்ற வண்டியில் 2019 வரை ஓடியது. இந்தியாவில் ஆல்டோ 800 நிறுத்தப்பட்ட 2023-இல், 796 சி.சி.யின் நாற்பது ஆண்டுக் கணக்கு முடிந்தது. பதினைந்து ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தில்லிச் சாலையில் ஓடக்கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்த பிறகு, தலைநகரில் பழைய 800-ஐக் காண்பதே அரிதாகிவிட்டது. தமிழ்நாட்டில் எஃப்.சி. எடுத்து, பதிவைப் புதுப்பித்து இன்னும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே வேண்டுகோள்: வாரம் ஒரு முறை, என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். ஓடும்போது வெப்ப முள் நடுவைத் தாண்டினால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.