செயற்கைக்கோள் கருவி சொல்லும் கணக்கு சரியா? விண்வெளியில் துகள்களை எண்ணும் கருவிகளைச் சரிபார்ப்பது எப்படி?

பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் நம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பெரிய வளையங்களாகப் பூமியைச் சுற்றி இருக்கின்றன. இவைதான் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள். இந்தத் துகள்களை எண்ண செயற்கைக்கோள்களில் கருவிகள் இருக்கு. ஆனா, அது காட்டும் எண்ணிக்கையை அப்படியே நம்பலாமா?

இது ஏன் முக்கியம்?

1994 ஜனவரியில் கனடாவின் அனிக் இ-1, இ-2 செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்து கட்டுப்பாட்டை இழந்தன. டிவி, தொலைபேசி சேவைகள் முடங்கின. அதிவேக எலக்ட்ரான்கள் உள்ளே புகுந்து மின்னூட்டமாகச் சேர்ந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. இ-1 சில மணி நேரத்தில் மீண்டது. இ-2-ஐ மீட்க மாதக்கணக்கில் ஆனது.

ஜீரோ காட்டிய கருவி

1958 ஜனவரி 31-ல் அமெரிக்கா எக்ஸ்ப்ளோரர்-1 செயற்கைக்கோளை ஏவியது. அதிலிருந்த கெய்கர் கவுன்ட்டர், அதிக உயரத்தில் திடீரென ஜீரோ காட்டியது. அங்கே கதிர்வீச்சே இல்லையா?

ஜேம்ஸ் வான் ஆலன் குழுவில் இருந்த கார்ல் மெக்கில்வெயின், அதே வகைக் கருவியை எக்ஸ்ரே முன் வைத்துப் பார்த்தார். கதிர்வீச்சு அளவுக்கு மீறினால் கருவி திணறி, ஜீரோ காட்டுவது தெரிந்தது. ஒரு துகளை எண்ணியதும் கருவிக்குச் சிறு இடைவெளி தேவை. அதுகூட கிடைக்காத அளவுக்குத் துகள்கள் மோதியிருக்கின்றன. ஆக, அந்த ஜீரோவுக்கு அர்த்தம் 'ஒன்றுமில்லை' என்பதல்ல, 'எண்ண முடியாத அளவுக்கு இருக்கு' என்பதுதான்! 1958 மே 1-ல் இந்தக் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது.

எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

* ஏவுவதற்கு முன்: கதிரியக்கப் பொருட்கள், துகள் முடுக்கிகள் மூலம் ஆற்றல் தெரிந்த துகள்களைக் கருவிக்குள் செலுத்துவார்கள். எத்தனை போனது, எத்தனையை எண்ணியது என்று ஒப்பிடுவார்கள்.

* கணினியில்: துகள் எந்தப் பக்கமிருந்து வந்தால் கருவி என்ன காட்டும் என்று சிமுலேஷன் செய்வார்கள்.

* விண்வெளியில்: இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரே பகுதியைக் கடக்கும்போது, இரண்டின் அளவீடுகளையும் ஒப்பிடுவார்கள். கருவிக்கு வயதானாலும் இதில் தெரிந்துவிடும்.

எலக்ட்ரான் வேஷத்தில் புரோட்டான்

உள் பட்டையில் உள்ள அதிக ஆற்றல் புரோட்டான்கள், கருவியின் கவசத்தையே துளைத்து உள்ளே வந்துவிடும். கருவி அதையும் எலக்ட்ரான் என்றே எண்ணிவிடும்.

2012 ஆகஸ்ட் 30-ல் நாசா ஏவிய வான் ஆலன் இரட்டைச் செயற்கைக்கோள்களில், காந்தத்தால் எலக்ட்ரான்களை வளைத்து ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் கருவி இருந்தது. போலிக் கணக்கைக் கழித்துப் பார்த்தபோது, அப்போது உள் பட்டையில் சுமார் 900 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் கண்டறியும் அளவுக்கு எலக்ட்ரான்களே இல்லை என 2015-ல் வெளியான ஆய்வு கூறியது.

நமக்கு என்ன?

இந்த அளவீடுகளை வைத்துத்தான் செயற்கைக்கோளுக்கு எவ்வளவு தடிமனில் கவசம் போடுவது என முடிவாகிறது. கணக்கு கூடினால் வீண் எடை, வீண் செலவு. குறைந்தால், செயற்கைக்கோளுக்கே ஆபத்து.