சிதறிய உரிமையும் மூடிய விடுதியும்: வாட்சன் ஹோட்டலின் மறுவாழ்வுக்கு ஹடப்சர் தரும் வழி

நகர மையத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய ஹோட்டல் ஒன்று மீண்டும் திறக்கப்படுமா என்ற கேள்வி எழும்போது, கட்டடத்தின் உறுதியும் சீரமைப்புச் செலவும் சுற்றுலா வருவாயுமே முதலில் பேசப்படுகின்றன. ஆனால் இத்தகைய விடுதிகளின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், சுவர் பழுதடைவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவற்றின் மீதான உரிமை துண்டுதுண்டாகச் சிதறிவிடுவதும், அத்துண்டுகளை ஒரு கைக்குக் கொண்டுவர வழி பிறந்த இடங்களில் மட்டுமே விடுதி உயிர்பெறுவதும் தெரியவருகின்றன. மும்பையின் காலா கோடா பகுதியில், இன்று எஸ்பிளனேடு மேன்ஷன் என்ற பெயரில் நிற்கும் வாட்சன் ஹோட்டலை இக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. இந்தச் சிக்கலுக்கான தீர்வின் ஒரு வடிவம் புனேயின் கிழக்கு விளிம்பிலுள்ள ஹடப்சரில், ஹோட்டலோடு தொடர்பே இல்லாத ஒரு சூழலில், ஏற்கெனவே செயல்பட்டிருக்கிறது என்பது இதன் துணிபு.

வாட்சன் ஹோட்டலின் பிறப்பு 1860களின் மும்பையோடு பிணைந்தது. ஆளுநர் பார்ட்டில் ஃபிரேரின் காலத்தில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வேண்டும் என்பதற்காக மதிலுக்கு வெளியே வெறுமையாக விடப்பட்டிருந்த எஸ்பிளனேடு என்னும் திடலின் ஒரு பகுதி மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861–65) இந்தியப் பருத்திக்கு விலை ஏறி நகரில் பணம் புரண்ட காலம் அது. ஆங்கிலேயத் துணி வணிகரும் தையலகம் நடத்தியவருமான ஜான் ஹட்சன் வாட்சன் அங்கே இடம் வாங்கியபோது கடையும் அலுவலகமும் கட்டுவதே அவர் எண்ணமாக இருந்தது; அது பின்னர் ஹோட்டலாக மாறியது. வடிவமைத்தவர் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பெருங்கூரைப் பணியிலும் ஆல்பர்ட் பாலத்திலும் பங்குகொண்ட பொறியாளர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். இரும்புச் சட்டகத்தின் உறுப்புகள் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்திறங்கி, 1867 முதல் 1869 வரை இங்கே பூட்டிப் பொருத்தப்பட்டன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததால் ஐரோப்பியப் பயணிகளின் வரவு பெருகப்போகிற வேளையில், 1871இல் சுமார் 130 அறைகளுடன் ஹோட்டல் திறக்கப்பட்டது.

இக்கட்டடத்தின் அருமையும் அதன் நோயும் அந்தச் சட்டகத்திலேயே இருப்பதால் அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மரபான கட்டடத்தில் சுவர் சுமையைத் தாங்கும். இங்கே இரும்புத் தூண்களும் உத்திரங்களும் சுமையைத் தாங்க, சுவர் வெறும் மறைப்பாக நிற்கிறது. பிற்காலத்தில் உலகெங்கும் உயர்ந்த பல மாடிக் கட்டடங்களின் அடிப்படைக் கருத்து இதுவே. தூண்களுக்குப் பயன்பட்ட வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கினாலும் வளைத்தால் முறியும் இயல்புடையது. அதனால் வளைவைத் தாங்க வேண்டிய உறுப்புகளுக்கு, அடித்து உருவாக்கப்படும் தேனிரும்பு பயன்படுத்தப்படுவது அக்கால முறை. இரண்டுக்குமே ஈரம் பகை. இணைப்புகளில் நீர் புகுந்தால் துரு உண்டாகிறது. துரு தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பக்கத்திலுள்ள செங்கலையும் காரையையும் நெம்பிப் பிளக்கிறது. விளிம்பிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் மாடங்களே முதலில் தளர்கின்றன. ஒரு தளத்தில் சுவர் எழுப்பிப் புதிதாகக் கழிப்பறை வைத்தால், கூடுதல் எடையும் கசியும் நீரும் சேர்ந்து கீழ்த்தளத்தின் உத்திரத்தை இருமுனையிலும் தாக்குகின்றன. பேணுபவர் ஒருவராக இருந்தால் ஆண்டுதோறும் வண்ணம் பூசி, தளர்ந்த பூட்டை முடுக்கி, குழாயை மாற்றி இந்த நோயை அடக்கிவைக்க முடியும். பேணுபவர் யார் என்பதே தெளிவில்லாத கட்டடத்தில் அது நடப்பதில்லை.

ஹோட்டலின் பொற்காலம் சுமார் முப்பது ஆண்டுகளே நீடித்தது. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது இங்கேதான். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். அதே ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இங்குத் தங்கினார். இந்தியத் திரைப்பட வரலாற்றின் முதல் பக்கம் எழுதப்பட்ட அறை இன்று சிதைந்த நிலையில் இருப்பது, எந்த மொழித் திரைப்படத்தை விரும்புபவருக்கும் வருத்தம் தரக்கூடியது. 1903 டிசம்பரில் அப்பல்லோ பந்தரில் தாஜ்மகால் ஹோட்டல் திறந்ததும் வாட்சனின் முதன்மை போயிற்று. ஜம்ஷெட்ஜி டாடாவை வாட்சன் ஹோட்டல் உள்ளே விட மறுத்ததால் அவர் தாஜைக் கட்டினார் என்ற கதை பரவலாக வழங்கினாலும், ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. கடற்கரையை ஒட்டிய, கூடுதல் வசதிகொண்ட புதிய ஹோட்டலுக்குப் பயணிகள் இடம்பெயர்ந்ததை விளக்க அந்தக் கதை தேவைப்படுவதும் இல்லை. வாட்சன் கைமாறியது, பெயர் மாறியது. காலப்போக்கில் ஹோட்டல் தொழிலே நின்று, அறைகள் தடுப்புகளால் சிறு கூடுகளாகப் பிரிக்கப்பட்டு, குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன. நீதிமன்றங்கள் அருகில் இருந்ததால் வாடகைதாரரில் கணிசமானோர் வழக்குரைஞர்கள்.

இக்கட்டத்தில் கட்டடத்தின் விதியைத் தீர்மானித்தது ஒரு சட்டம். 1947இல் இயற்றப்பட்ட பம்பாய் வாடகைகள், ஹோட்டல் மற்றும் தங்கும் விடுதிக் கட்டணங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்குப் பிந்தைய இடப் பற்றாக்குறையில் எளிய மக்களைக் காக்க வந்தது. அந்த நோக்கம் நியாயமானது, அதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வராமல் தப்பின. ஆனால் 1940 செப்டம்பர் 1 அன்றைய வாடகையை நியம வாடகையாக, அதாவது சட்டம் ஏற்கும் உச்ச அளவாக, அது கொண்டதால், விலைவாசி பலமடங்கு உயர்ந்த பிறகும் வாடகை அங்கேயே உறைந்து நின்றது. பழுதுபார்க்க உரிமையாளரிடம் வருவாய் இல்லை. வெளியேற வாடகைதாரருக்குக் காரணம் இல்லை. இந்த இடைவெளியில் பக்டி என்னும் வழக்கம் வேரூன்றியது: புதிதாக வருபவர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து வாடகை உரிமையை வாங்குகிறார், மாத வாடகையோ பெயரளவில் தொடர்கிறது, உரிமை மீண்டும் கைமாறும்போது அத்தொகையில் ஒரு பங்கு கட்டட உரிமையாளருக்குப் போகிறது. இவ்வாறு ஒரே அறையின் மீது உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் பணமதிப்புள்ள இரு உரிமைகள் உருவாயின. 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, இத்தொகையைப் பெறுவதை முறைப்படுத்தியதே தவிர, சிதறிய உரிமையை ஒன்றுசேர்க்கவில்லை.

2005 ஜூலையில் மாடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். உலக நினைவுச்சின்ன நிதியம் 2006ஆம் ஆண்டுக்கான பட்டியலில், அழியும் ஆபத்திலுள்ள நூறு இடங்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. மும்பையின் பாரம்பரியப் பட்டியலில் இதற்கு இரண்டு-அ தரம் உண்டு. 2019இல் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் ஊடாகக் கட்டடம் காலிசெய்யப்பட்டது. மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியமான மகாடாவுக்காக ஐஐடி மும்பை அளித்த அறிக்கை இடிப்பைப் பரிந்துரைக்க, பாரம்பரியப் பாதுகாப்பாளர்கள் மீட்க முடியும் என்று வாதிட்டனர். மும்பை வளர்ச்சி விதிகளில் பழைய வாடகைக் கட்டடங்களை இடித்துக் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு கிடைக்கிறது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. இடித்தால் லாபம், காத்தால் செலவு என்ற கணக்கை அரசே எழுதி வைத்திருக்கும்போது, பொறியியல் கருத்து எத்தனை நேர்மையாக இருந்தாலும் சம்பந்தப்பட்டவர்களின் விருப்பம் ஒரு பக்கமாகவே சாயும். ஆர்டிஷின் சட்டகம் உறுப்பு உறுப்பாகப் பூட்டப்பட்டது. பழுதான உறுப்பைக் கழற்றி வேறொன்றை வைக்க அதன் அமைப்பே இடம் தருகிறது. இடித்துவிட்டுப் பழைய முகப்பைப் போல ஒன்றைக் கட்டுவது இதற்கு ஈடாகாது.

மூடிய ஹோட்டல் மீண்டதற்குக் கொல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் முன்மாதிரி. ரொட்டிக்கடை நடத்திய டேவிட் வில்சன் 1840இல் ஆக்லண்ட் ஹோட்டல் என்று தொடங்கிய இது, 1860களில் இப்பெயரைப் பெற்று, 1883இல் மின்விளக்கு ஏற்றி, பேரரசின் தலைநகரில் புகழோடு விளங்கியது. 1970களில் நலிந்தபோது மேற்கு வங்க அரசு நிர்வாகத்தை ஏற்றது. அரசு உடைமையான பிறகு கட்டடத்தின் மீது உரிமை கோர வேறு எவரும் இல்லை. எஞ்சியது ஊழியர்களின் எதிர்காலம் மட்டுமே. 1990களில் தனியாரிடம் ஒப்படைக்க நடந்த முயற்சி ஊழியர் எதிர்ப்பால் நின்றது. ஊழியர்களுக்கு ஓய்வுத் திட்டம் வகுக்கப்பட்ட பிறகே 2005இல் பாரத் ஹோட்டல்ஸ் நிறுவனத்துக்கு விற்பனை முடிந்தது. புதுப்பித்து, புதிய தொகுதியும் சேர்த்து, 2013 நவம்பரில் ஹோட்டல் மீண்டும் திறந்தது. சென்னையில் இதற்கு நேர்மாறாக, 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எழுந்த தாசப்பிரகாஷ், ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களின் திருமணங்களையும் ஐஸ்கிரீம் மாலைகளையும் நினைவில் வைத்திருந்தும், இடிக்கப்பட்டு மறைந்தது. உரிமை ஒரு கையில் இருப்பது மீட்பை எளிதாக்குவதைப் போலவே விற்பனையையும் எளிதாக்கும் என்பதால், பாரம்பரியப் பட்டியலின் காப்பும் கூடவே வேண்டும்.

புனேயின் நிலை வேறு விதமானது. மும்பை மாகாணத்தின் மழைக்காலத் தலைநகராக இருந்த பூனாவில், ஆளுநர் பரிவாரமும் குதிரைப் பந்தயமும் படைமுகாமும் தந்த வாடிக்கையை நம்பி, கண்டோன்மென்ட் பகுதியிலும் ரயில் நிலையத்தைச் சுற்றியும் விடுதிகள் எழுந்தன. அந்த வாடிக்கை போனபின் சில மூடின, சில பிரிக்கப்பட்டு வாடகைக் கட்டடங்களாயின. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவுகளைக் கஸ்பா, சனிவார் பேட்டைகளின் வாடாக்கள் எனப்படும் முற்றம் வைத்த பழைய வீடுகளும் அனுபவித்தன. மும்பைத் தீவு நகரில் வாடகைக் கட்டடங்களிடம் செஸ் என்னும் தனி வரி வாங்கிப் பழுதுபார்க்க வாரியம் இருக்கிறது. புனேயில் அதுவும் இல்லை, மழைக்கு முன் மாநகராட்சி ஒட்டும் எச்சரிக்கை அறிவிப்பே மிச்சம். இதற்கிடையே நகரின் பொருளாதாரம் கிழக்கே நகர்ந்தது. முட்டா வலக்கரைக் கால்வாயின் பாசனத்தில் காய்கறி விளைந்த ஹடப்சரில் தொழிற்பேட்டையும், 1966இல் சீரம் இன்ஸ்டிடியூட்டும், பின்னர் மென்பொருள் வளாகங்களும் வந்தன. தொழில்முறைப் பயணி வேலை செய்யும் இடத்தருகிலேயே தங்க விரும்புவதால், புதிய ஹோட்டல்களும் அப்பக்கமே எழுந்தன.

ஹடப்சரைப் பழைய மையத்தின் போட்டியாளராக மட்டும் பார்ப்பது முழுமையான பார்வை அல்ல. இங்குதான் மகர்பட்டா நகரம் உருவாயிற்று. ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் தனித்தனியே கட்டுமானத் தொழிலதிபர்களுக்கு விற்றிருந்தால், பணம் சில ஆண்டுகளில் கரைந்திருக்கும். நிலமும் ஒழுங்கற்ற மனைகளாகச் சிதறியிருக்கும். சதீஷ் மகரின் முன்னெடுப்பில் அக்குடும்பங்கள் நிலத்தை ஒருங்கே சேர்த்து, ஒரு நிறுவனத்தை அமைத்து, தத்தம் நிலப்பரப்புக்கு ஏற்பப் பங்குகளைப் பெற்றன. 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்த நகரத்தில் விவசாயிகள் நிலம் இழந்தவர்களாக வெளியேறாமல் பங்குதாரர்களாகவே இருந்தனர்.

மூடிய ஹோட்டல்களுக்கும் இம்முறையைக் கையாள முடியும். வாட்சன் போன்ற கட்டடத்தில் உரிமையாளரும் வாடகைதாரர்களும் தத்தம் உரிமையை ஒரு நிறுவனத்தில் இட்டு, அதன் மதிப்புக்கு ஏற்பப் பங்கு பெற்று, சீரமைப்புக்கான மூலதனத்தைக் கொண்டுவருபவரை மற்றொரு பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டால், சீரமைப்புக்குக் கையெழுத்திட ஒரு கை கிடைக்கும். விவசாயிகளிடம் முழு நில உரிமை இருந்தது, வாடகைதாரரிடம் இருப்பது குடியிருக்கும் உரிமை மட்டுமே என்ற எதிர்வாதம் வலுவானது. ஏக்கரை அளப்பது போல அவ்வுரிமையை அளக்க முடியாது. ஆயினும் பக்டி வழக்கமே அதற்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது: கைமாற்றத்தின்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உரிமையாளருக்கு, மீதி வாடகைதாரருக்கு என்று சந்தை பல பத்தாண்டுகளாக ஏற்றுக்கொண்ட பிரிவினையைப் பங்கு ஒதுக்கீட்டின் தொடக்கமாகக் கொள்ளலாம். பணி முடியும்வரை வழக்குரைஞர்களுக்கு மாற்று அலுவலகமும், முடிந்தபின் கீழ்த்தளங்களில் அவர்கள் திரும்பி அமரும் உரிமையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மேல்தளங்கள் ஹோட்டலாகலாம்; முதல் திரையிடல் நடந்த கூடம் பொதுமக்கள் நுழையக்கூடிய திரையரங்கமாக வேண்டும். அரசு செய்ய வேண்டியது, இடிப்பவருக்குத் தரும் தளப்பரப்புச் சலுகைக்குக் குறையாத மதிப்புள்ள, வேறிடத்தில் விற்கத்தக்க வளர்ச்சி உரிமையைக் காப்பவருக்கும் தருவது. பாரம்பரியக் கட்டடங்களுக்கு அத்தகைய உரிமை வழங்கும் ஏற்பாடு விதிகளில் ஏற்கெனவே இருப்பதால், அதன் அளவை உயர்த்துவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.