நாளைக்கு வர்றேன்!

'டென்ஸ்' என்றாலே நமக்கெல்லாம் டென்ஷன்தான். மூன்று காலத்தையும் நாலு நாலாகப் பிரித்து, போர்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு, "மனப்பாடம் பண்ணிட்டு வாங்கடா" என்பார் வாத்தியார். ஒரு கட்டம் மாறினால் பிரம்பு!

ஆனால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்காரனுக்கு இந்தப் பன்னிரண்டு கட்டம் தெரியாது. அவனுடைய வினைச்சொல்லுக்குக் காலம் காட்ட இரண்டே உருவம்தான். நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்து இன்னொன்று. எதிர்காலத்துக்கென்று தனி உருவமே கிடையாது! நாம "நாளைக்கு வர்றேன்" என்று நிகழ்காலத்தை வைத்தே சமாளிக்கிறோமே, அதே கதைதான்.

அப்புறம் எதிர்காலம் எப்படி வந்தது? இரவல் வாங்கித்தான்! 'வில்' என்றால் அன்றைக்கு 'விரும்புகிறேன்' என்று அர்த்தம். 'ஷேல்' என்றால் 'கடன்பட்டிருக்கிறேன்'. ஆசையும் கடனும் நாளையைப் பற்றியதுதானே? நாளடைவில் பழைய அர்த்தம் தேய்ந்து, இரண்டும் எதிர்காலத்தின் அடையாளமாகிவிட்டன. 15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'கோயிங் டு'வும் வந்து சேர்ந்தது. நாமும்தான் "மழை பெய்யப்போகுது" என்கிறோம்... மழைக்கு ஏது கால்?

1653-ல் ஜான் வாலிஸ் என்பவர் ஆங்கில இலக்கணம் எழுதினார். அதுவும் லத்தீன் மொழியில்! ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர் அவர். முடிவிலிக்குப் படுத்துக்கிடக்கும் எட்டைக் குறியீடாகத் தந்தவரும் அவரே. 'நான்' என்றால் 'ஷேல்', 'நீ', 'அவன்' என்றால் 'வில்', மாற்றிச் சொன்னால் வாக்குறுதி அல்லது மிரட்டல் என்ற விதி அந்தப் புத்தகத்தில் உண்டு. பின்னால் வந்த பள்ளிக்கூட இலக்கணங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஜனங்களோ இன்று எல்லாவற்றுக்கும் 'வில்' போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொரு கூத்து. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு காலத்தில் 'தி ஹவுஸ் ஈஸ் பில்டிங்' என்றுதான் எழுதுவார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் 'ஈஸ் பீயிங் பில்ட்' தலைகாட்டியது. "இதெல்லாம் ஒரு இங்கிலீஷா?" என்று பண்டிதர்கள் கொதித்தார்கள். ரிச்சர்ட் கிரான்ட் வைட் என்ற அமெரிக்க விமர்சகர் 1870-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைத் திட்டுவதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். இன்று? அந்தத் 'தப்பு'தான் பாடப்புத்தகத்தில் சரி. பழையதை எழுதினால் சிவப்பு மை!

விதிகளைக் கற்கத்தான் வேண்டும், பரீட்சை இருக்கிறதே. ஆனால் உங்கள் பிள்ளை டென்ஸில் தடுமாறும்போது பிரம்பைத் தேடாதீர்கள். இங்கிலாந்துக்காரனே இரவல் வாங்கி, சண்டை போட்டு, தட்டுத்தடுமாறிக் கட்டிய வீடு அது.

இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!