பதிவேடும் பாதுகாப்பும்

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் கையெழுத்திட்டவன் நான். பல நாள் வராத மாணவனை ஏனென்று வினவாவிடில் அப்பதிவேட்டினால் என்ன பயன்? தொழிற்சாலைப் பாதுகாப்பின் வரலாறும் இவ்வினாவையே எழுப்புகின்றது.

இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைகளைக் கண்காணிக்க நான்கே ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர். 1844-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களைச் சுற்றித் தடுப்பு அமைக்கவும், விபத்துகளை அறிவிக்கவும் பணித்தது. ஆலைச் சுவருக்குள் மறைந்த விபத்து, அரசின் ஏட்டில் ஏறத் தொடங்கிற்று. நம் நாட்டில் 1881-இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் விரிவான சட்டம் பிறந்தது.

எனினும் ஏடு மட்டும் உயிரைக் காக்குமோ? போபால் பூச்சிமருந்து ஆலையை 1982 மே மாதத்தில் அமெரிக்க வல்லுநர் குழுவொன்று ஆய்ந்து, நச்சுப்பொருள் கசியக்கூடும் என எழுதி வைத்தது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு மீதைல் ஐசோசயனேட்டு கசிந்தபோது, அதனைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரமும் இயங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இன்று ஏட்டின் இடத்தில் இணையவழி மென்பொருள் வந்துள்ளது. தொழிலாளி கைப்பேசியில் தெரிவிக்கும் குறையைத் தொலைவிலுள்ள மேலாளரும் உடனே காண்கிறார். அதனை யார், எந்நாளுக்குள் சீர்செய்வது என்பதும் அதில் பதிவாகின்றது. நாள் தவறினால் நினைவூட்டலும் வருகின்றது. நன்று! ஆயினும், செய்யாததைச் செய்ததாகக் குறிக்கும் விரலை எந்த மென்பொருள் தடுக்கும்? நாளை நீங்களும் அப்பொறுப்பில் அமரலாம். திரையில் கண்டதை நேரிலும் சென்று காணுங்கள்.